ஜல்லியின் அளவும் கான்கிரீட்டின் வலிமையும்

கான்கிரீட்டின் பருமனில் 60 முதல் 75 விழுக்காடு ஜல்லியும் மணலும்தான். ஜல்லியின் அதிகபட்ச அளவு வலிமையை இரண்டு வழிகளில் பாதிக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை.

ஒன்று, தண்ணீர். ஒரே எடைக் கல்லை 40 மி.மீ. துண்டுகளாக்குவதைவிட 10 மி.மீ. துண்டுகளாக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. அத்தனையையும் நனைத்தாக வேண்டும். மலேசிய மாணவர்களும் பயிலும் பிரிட்டிஷ் கலவை வடிவமைப்பு முறை, 30 முதல் 60 மி.மீ. ஸ்லம்ப் (கலவையின் தளர்வை அளக்கும் சரிவு) உள்ள கலவைக்கு, உடைத்த கல் 10 மி.மீ. என்றால் ஒரு கனமீட்டருக்கு 230 லிட்டர் தண்ணீர் கேட்கிறது, 20 மி.மீ.க்கு 210, 40 மி.மீ.க்கு 190. சிமெண்ட் 400 கிலோ என்று வைத்தால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.575, 0.525, 0.475 என இறங்கிக்கொண்டே வரும். விகிதம் இறங்கினால் வலிமை ஏறும் என்பது டஃப் ஆப்ராம்ஸ் 1918இல் வகுத்த விதி. பெரிய கல்லே நல்லது என்ற எண்ணம் கட்டுமானத் தளங்களில் வேரூன்றியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மற்றொன்று, பிடிப்பு. கலவை இறுகும் முன் மேலேறும் தண்ணீர் கல்லின் அடியில் தேங்குகிறது. அங்கே சில பத்து மைக்ரோமீட்டர் தடிப்பில் நுண்துளை மிகுந்த படலம் உருவாகிறது. கல் பெரிதானால் தேக்கமும் பெரிது. ஒரே நீர்-சிமெண்ட் விகிதத்தில் கல் பெரிதாகப் பெரிதாக வலிமை குறைவதை வாக்கர், ப்ளோம் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1960இல் காட்டினர்.

28 நாளில் நசுக்கிய கனசதுரத்தின் உடைந்த முகத்தைப் பார்த்தாலே பிடிப்பின் பங்கு விளங்கும். சாதாரணக் கான்கிரீட்டில் கல் முழுசாகக் கழன்று, எதிர்ப்பக்கத்தில் வழவழப்பான குழியை விட்டிருக்கும். உயர்வலிமைக் கான்கிரீட்டில் விரிசல் கல்லையே பிளந்து போகும். கருங்கல்லின் படிகங்கள் மின்னும். பிடிப்பு இப்படி வலுவாக இருக்க வேண்டும் என்பதால்தான் அவ்வகைக் கலவைகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 மி.மீ. கல்லைத் தேர்கிறார்கள். அணைகளில் நிலைமை வேறு. தேவையான வலிமை குறைவு, சிமெண்டின் வெப்பமே பெரிய கவலை. எனவே 150 மி.மீ. கல்லும் இடம்பெறும்.

கல்லின் அளவுக்குக் கம்பிகளின் இடைவெளியும் எல்லை போடுகிறது. மலேசியாவில் ஆயர் ஈத்தாமிலிருந்து பத்து பகாட் போகும் சாலையில் உள்ள பாரிட் ராஜாவின் நிலம் மென்களிமண். இத்தகைய மண்ணில் கட்டடத்தின் எடையைப் பைல்கள் (நிலத்துக்குள் இறங்கும் தூண்கள்) தாங்குகின்றன. பைலுக்குள் கம்பிகள் நெருக்கமானவை. கம்பி இடைவெளியில் நுழையாத கல் மேலேயே தங்கிவிட, கீழே தேன்கூடுபோல் வெற்றிடம் விழும். கம்பிக் கூட்டுக்குள் ஊற்றும் கலவைக்கு வழக்கமாக 20 மி.மீ.யே எல்லை.