யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம்

யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இலங்கையின் வட மாகாணத்தில் யாழ் குடாநாட்டுக்கும் கிளிநொச்சிக்கும் குழாய்வழிக் குடிநீர் கொடுப்பதற்காகத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மேற்கொண்ட பெருந்திட்டமாகும். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 நவம்பரில் இதற்கான கடனுக்கு ஒப்புதல் அளித்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் நிதியில் பங்கெடுத்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நம்பி வரையப்பட்ட திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தாளையடிக் கடற்கரையில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தின் திறப்பு விழாவில் வந்து நின்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளின் இழுபறிக்கு வறட்சியைச் சிலரும், பிரதேசவாதத்தைச் சிலரும், அரசியலைச் சிலரும் காரணமாகச் சொல்வர். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். குளத்தில் நீர் போதுமா என்ற கேள்விக்குச் சபையிடம் நல்ல விடை இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. திட்டத்தின் திசையை மாற்றியது இந்த இரண்டாவது கேள்விதான்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்பது ஒரு மரியாதைக்குத்தான். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்த நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் எடுப்பும் நிரப்பும் ஒருவாறு சமமாக இருந்தன. நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு வந்த பின் அந்தச் சமநிலை குலைந்தது. கரையோரக் கிணறுகள் உவரேறின. அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்று. செம்மண் தோட்டங்களில் இட்ட உரத்திலிருந்தும், கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி வெட்டிய மலக்குழிகளிலிருந்தும் அது நேரே நிலத்தடி நீரில் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்றை அனுமதிக்கிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் அந்த எல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்லி வந்தனர். நிறமும் மணமும் சுவையும் மாறாத நீரை ‘இது கூடாது’ என்று ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லி நம்பவைப்பது எளிதன்று. வெளியிலிருந்து நீர் கொண்டுவர வேண்டும் என்ற முடிவுக்குப் பொறியியலாளர்கள் வந்ததற்கும், பொதுமக்களில் பலர் அந்த அவசரத்தை உணராமல் இருந்ததற்கும் இந்த ஒரே காரணம் போதும்.

நீரைத் தேடும் எண்ணம் புதியதும் அல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற யோசனை இன்றும் பேசப்படுகிறது. கனகராயன் ஆறு கொண்டுவந்து கொட்டும் நீரைக் கடலுக்கு விடாமல் ஆனையிறவுக் கடனீரேரியில் தடுத்து நன்னீராக்குவது. அதை முள்ளியான் வழியாக ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது. தொண்டைமானாறிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் உவர்நீர் உள்ளே வராமல் மறிப்பது. இதுவே அதன் சாரம். 1960களில் பகுதிபகுதியாக வேலை நடந்தது, முழுமை பெறவில்லை. பின்னர் வந்த போர் இருந்ததையும் சிதைத்தது. அந்த யோசனையின் ஒரு பண்பை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது யாருடைய குளத்திலும் கைவைக்கவில்லை. வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிக் கடலுக்குப் போகும் நீரை மட்டுமே கேட்டது. 2010ஆம் ஆண்டுத் திட்டம் கேட்டது குளத்துக்குள் இருந்த நீரை.

இரணைமடு, கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கப்பட்டுப் பின் பலமுறை அணை உயர்த்தப்பட்ட குளம். கிளிநொச்சி நகரமே 1936இல், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்க வகுத்த குடியேற்றத் திட்டத்தின் பேறு. குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களில் பெரும்பகுதியினர் குடாநாட்டிலிருந்து போனவர்கள். நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை இரணைமடுவிலிருந்து எடுத்து, அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணம் வரை குழாயில் அனுப்புவது சபையின் திட்டம். ஆண்டுக்கு அது ஒரு கோடி கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 13 கோடி கன மீற்றர். அணையை இரண்டடி உயர்த்தினால் மேலும் ஒன்றரைக் கோடி அளவில் கூடும். ஆகவே உயர்த்துவதால் கிடைப்பதே குடாநாடு கேட்பதைவிட அதிகம், கமக்காரருக்கு ஒரு சொட்டும் குறையாது என்பது சபையின் விளக்கம். கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: குளம் நிறைய வேண்டும்.

கமக்காரர் குளத்தைக் கன மீற்றரில் பார்ப்பதில்லை, அடியில் பார்க்கிறார்கள். மாரியில் விதைக்கும் காலபோகத்துக்கு மழை துணை நிற்கும். கோடையில் விளையும் சிறுபோகமோ முழுக்கக் குளத்தை நம்பியது. மாரி முடிந்ததும் அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். எல்லோருக்கும் எல்லா ஆண்டும் சிறுபோகம் கிடைப்பதில்லை. சபை கேட்ட நீரை இந்த மொழியில் சொன்னால் எப்படியிருக்கும்? ஒரு கோடி கன மீற்றர் என்பது சுமார் 8,000 ஏக்கரடி. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு ஐந்து அல்லது ஆறு ஏக்கரடி வேண்டும் என்று வைத்தால், அது 1,300 முதல் 1,600 ஏக்கருக்கான நீர். நிறைந்த ஆண்டில் அது பெரிய தொகை அல்ல. குளம் மூன்றிலொரு பங்கு மட்டும் நிறைந்த ஆண்டில், இருக்கும் நீரில் ஐந்திலொரு பங்குக்கு மேல் குழாய்க்குள் போய்விடும். விதைப்பைச் சுருக்கலாம், மூன்று இலட்சம் பேர் குடிக்கும் குழாயைச் சுருக்க முடியாது என்பது எந்தக் கமக்காரருக்கும் தெரிந்ததே. ஒருமுறை குழாய் போனால் பஞ்ச காலத்தில் குடிநீர் வெல்லும், வயல் தோற்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 2014இலும் 2016–17இலும் வடக்கை வாட்டிய வறட்சி, அந்த அச்சம் கற்பனை அல்ல என்று காட்டியது.

இதற்கு விடையாகச் சபை ஒரு பங்கீட்டு விதியைக் கொண்டுவந்திருக்கலாம். குளம் இத்தனை அடிக்குக் கீழே போனால் குழாய்க்கான எடுப்பு இவ்வளவு குறையும், அப்போது குடாநாடு மாற்று மூலத்துக்குத் திரும்பும், விதைக்க முடியாமற்போன வயலுக்கு இன்ன இழப்பீடு என்று எழுத்தில் தந்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தையே அதற்குக் காவலாக வைத்திருக்கலாம். சபை விளக்கிக் கூறியவற்றில் கொள்ளளவு இருந்தது, பயனாளிகளின் தொகை இருந்தது, குழாயின் நீளம் இருந்தது. கமக்காரர் ஏற்கும்படியான இப்படியொரு விதி இல்லை. காலமும் சபைக்கு எதிராக நின்றது. போர் 2009 மே மாதம் முடிந்தது. கடன் ஒப்பந்தம் உருவானபோது கிளிநொச்சிக் கமக்காரரில் பலர் முகாம்களில் இருந்தனர், அல்லது கூரையில்லாத வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தனர். வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013 செப்டெம்பரில். கேட்க வேண்டியவர்கள் ஊரில் இல்லாதபோது, அவர்களுக்காகப் பேச ஒரு மாகாண சபையும் இல்லாதபோது எடுத்த முடிவைப் பின்னர் எவ்வளவு நயமாக விளக்கினாலும் அது அறிவித்தலாகவே கேட்கும்.

இது யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சி அடங்கிய வன்னிக்கும் இடையிலான பழைய மனக்கசப்பு, இதை எந்த விதியாலும் தீர்த்திருக்க முடியாது என்பது ஒரு மறுப்பு. கசப்பு இருந்தது உண்மை. 2013க்குப் பின் அது தேர்தல் மேடைகளுக்கும் ஏறியது, முதலமைச்சர் க. வி. விக்னேஸ்வரன் தலைமையிலான மாகாண சபை மாற்று வழிகளைத் தேடச் சொன்னது. ஆனால் பிரதேசப் பகையே முழுக் காரணம் என்றால், குளத்தைத் திருத்தும் வேலையையும் கமக்காரர் மறுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுக்கவில்லை. அணை உயர்ந்தது, வாய்க்கால்கள் திருந்தின. குழாயில் போகும் நீருக்கு மட்டுமே எதிர்ப்பு எழுந்தது. குடாநாட்டில் உறவும் காணியும் உள்ளவர்களை அதன் பகைவர் என்று எழுதுவது சோம்பேறித்தனமான விளக்கம்.

அதிகாரத்தின் வாக்கை மக்கள் ஏன் நம்பவில்லை என்பதற்குக் குடாநாட்டிலுள்ள சுன்னாகம் இன்னொரு சான்று. அங்குள்ள அனல் மின்நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்ததாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் குழப்பம் எழுந்தது. நீர்வழங்கல் சபையின் சோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு அதற்கு மாறான முடிவைச் சொன்னது. மக்கள் பவுசரில் வந்த நீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரே கிணற்றைப் பற்றி இரண்டு அரச வாய்கள் இரண்டு விதமாகப் பேசியதைக் கேட்டவர்கள், குளத்தைப் பற்றிய கணக்கையும் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. இதில் ஒரு முரணும் உண்டு: குழாய்நீரின் தேவையை எந்தப் பிரசாரத்தையும்விட அழுத்தமாக மக்களுக்கு உணர்த்தியது சுன்னாகம்தான்.

நீர் மூலம் எது என்பது முடிவாகாத நிலையில் திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மேலும் 12 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. வடமராட்சி கிழக்கில், மருதங்கேணிப் பிரிவிலுள்ள தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரும் நிலையம் எழுந்தது. 2024 ஆகஸ்ட்டில் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதைத் திறந்துவைத்தார். கமக்காரரின் எதிர்ப்பைத் தவிர்த்த திட்டத்துக்கு இப்போது கடற்றொழிலாளர் எதிர்நின்றனர். உப்புச் செறிந்த கழிவுநீர் கரைக்கடலில் கலந்தால் மீன்பாடு என்னாகும் என்று அவர்கள் கேட்டார்கள். மூலம் மாறியும் கேள்வியின் வடிவம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆதாயம் நகரத்துக்கு, ஆபத்து யாருக்கு?

தாமதம் நல்லதாகவே முடிந்தது, மழையை நம்பாத நிரந்தர மூலம் கிடைத்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. வறட்சிக்குக் கடல் அஞ்சாது என்பது சரி. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீற்றருக்கு மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் செலவாவது வழக்கம். முழு அளவில் ஓடினால் தாளையடிக்கு நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 அலகு வேண்டும். மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் நீரின் அடக்கவிலையும் ஏறும். அதை நுகர்வோர் கொடுப்பார், அல்லது திறைசேரி கொடுக்கும். குளத்து நீருக்கு மழை பொய்ப்பது ஆபத்து, கடல் நீருக்குப் பணம் பொய்ப்பது ஆபத்து. நிறைந்த ஆண்டில் குளத்தையும் வறண்ட ஆண்டில் கடலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் விதியொன்று இருந்திருந்தால் இரண்டு ஆபத்தும் குறைந்திருக்கும். இணக்கம் இல்லாததால் விலை கூடிய வழியே முதன்மை வழியாயிற்று.

இன்னொரு மறுப்பு சூழலியலாளரிடமிருந்து வருவது: குடாநாட்டின் குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்கினால் குழாயே வேண்டாம் என்பது. அளவைப் பொறுத்தவரை இது வலுவான வாதம். ஆறுமுகத்தின் யோசனையை மீட்பதற்கும் இதே வாதம் பொருந்தும். தரத்தைப் பொறுத்தவரை இது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மலக்குழிகள் இருக்கும்வரை, நிலத்துக்குள் இறங்கும் நீர் நைத்திரேற்றை நீர்க்கச் செய்யுமே ஒழிய நீக்காது. இந்த இடத்தில் சபையின் திட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. 2010இல் இது நீர்வழங்கலும் சுகாதாரமும் சேர்ந்த திட்டமாகத்தான் தொடங்கியது. யாழ்ப்பாண நகரின் கழிவுநீர்ப் பகுதி பின்னர் கைவிடப்பட்டது. வீட்டுக்குக் குழாய் வந்தால் நீர்ச் செலவு கூடும், மலக்குழிக்குள் இறங்கும் கழிவுநீரும் கூடும், அது போய்ச் சேரும் இடம் பழைய கிணறுதான். குழாய்நீர் குடிக்கவும் கிணற்று நீர் தோட்டத்துக்கும் மற்றத் தேவைக்கும் என்று பிரிந்து வாழப்போகும் குடாநாட்டில், கிணறு இன்னும் மோசமானால் குழாயில் அடைப்போ மின்தடையோ வரும் நாளில் ஒதுங்க இடம் இருக்காது.

எனவே சபை செய்ய வேண்டியது இன்னும் மீதமிருக்கிறது. தாளையடி நீரின் உண்மையான அடக்கவிலையையும், அதில் திறைசேரி ஏற்கும் பங்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கழிவுநீர் கலக்கும் கரைக்கடலின் உவர்த்தன்மை அளவீடுகளை வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர் சங்கங்களின் கையில் நேரே கொடுக்க வேண்டும். ஊர்க் கிணறுகளின் நைத்திரேற்று அளவைப் பிரதேச செயலகங்கள்தோறும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இரணைமடுவிடம் மீண்டும் நீர் கேட்கும் நாள் வந்தால், வரைபடம் கீறுவதற்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய், வறட்சி ஆண்டுக்கான பங்கீட்டை முதலில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.