வினாவின் சொல்லும் விடையின் போக்கும்

வினா அறுவகைப்படும் என நன்னூலார் வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா முதலாய அப்பகுப்பு வினவுவோனின் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. வினாவின் சொல்லமைப்பு விடையளிப்போனின் கருத்தை எவ்வாறு சாய்க்கின்றது என்பதோ, வினாக்கொத்தைக் கருவியாகக் கொண்ட உளநூலார் இருபதாம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்து கண்டதொன்றாகும்.

உள்ளத்தின் இயல்பை வினாக்கொத்தினால் அறிய முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கோல்ற்றன். அன்று காலை உணவருந்திய மேசையை நினைவுகூர்ந்து, மனக்கண்முன் தோன்றும் காட்சியின் ஒளி, தெளிவு, நிறம் ஆகியன எத்தகையன என எழுதுமாறு அவர் பலரைக் கேட்டார். முடிபுகளை 1880இல் வெளியிட்டார். அவர் முதலில் வினவிய விஞ்ஞானிகளுட் பெரும்பாலோர் அத்தகைய காட்சி தமக்குத் தோன்றுவதில்லை என்றனர். அதனை 'மனக்கண்ணாற் காணல்' என்பது வெறும் உருவகமே என ஒருவர் எழுதினார். அன்னார்க்கு அவ்வாற்றல் குறைவு எனக் கோல்ற்றன் கொண்டார். ஆயின், வேறுபட்டது அவர்தம் உள்ளமா, அன்றி அவ்வுருவகத்துக்கு ஒவ்வொருவரும் கொண்ட பொருளா? விடைகளை மட்டும் நோக்கி இதனைத் துணிதல் அரிது.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்கும் வழி, ஒரே பொருளை இருவேறு சொற்களால், தம்முள் ஒத்த இரு கூட்டத்தாரிடம் வினவுதலாகும். ஐக்கிய அமெரிக்காவில் எல்மோ றோப்பர் என்பாரின் கருத்தாய்வுகளில் இது செய்யப்பட்டது. குடியாட்சிக்கு எதிரான மேடைப்பேச்சுக்களை நாடு 'தடைசெய்ய வேண்டுமா' என ஒரு சாராரும், 'அனுமதிக்க வேண்டுமா' என மறு சாராரும் வினவப்பட்டனர். 1941இல் டொனால்ட் றக் வெளியிட்ட முடிபுகளின்படி, விடையளித்தோருள் நூற்றுக்கு 54 பேர் தடைசெய்க என்றனர். ஆனால் 75 பேர் அனுமதிக்கலாகாது என்றனர். தடுத்தலும் அனுமதியாமையும் பொருளளவில் ஒன்றே. எனினும், முதல் வினாவைக் கொண்டு மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பேச்சுரிமையின் பக்கம் நிற்கின்றனர் எனலாம். இரண்டாவதைக் கொண்டு காற்பங்கினரே நிற்கின்றனர் எனலாம். சட்டம் இயற்றுவோர் எதனை நம்புவது?

ஹவாட் சூமன், ஸ்ரான்லி பிறெசர் ஆகிய இருவரும் 1970களில் இச்சோதனையை மீண்டும் செய்தனர். மக்களின் கருத்து முன்னையினும் தாராளமாகியிருந்தது. ஆயினும் இரு வினாக்களின் வேற்றுமை மறையவில்லை. திடமான கருத்தில்லாதோர் தடைசெய்தல், அனுமதித்தல் ஆகிய இரண்டையும் தீவிரச் செயல்களாகக் கருதி இரண்டுக்கும் 'இல்லை' என்கின்றனர் என 1986இல் ஹிப்ளர், ஷ்வாற்ஸ் என்போர் காரணங் காட்டினர்.

இதற்கு மறுதலையாக, எதனையும் 'ஆம்' என ஏற்கும் இயல்பும் மாந்தரிடம் உண்டு. அதிகாரப் பற்றை அளக்கக் கலிபோணியாவில் உருவாக்கப்பட்டு 1950இல் வெளிவந்த புகழ்பெற்ற அளவுகோலின் கூற்றுக்கள் யாவும், உடன்படுவோர் அதிகாரப் பற்றுடையோர் எனக் கொள்ளுமாறே அமைந்திருந்தன. அவற்றின் எதிர்மறைக் கூற்றுக்களுக்கும் பலர் உடன்பட்டமை பின்னர் புலனாயிற்று. அளக்கப்பட்டதில் ஒரு பகுதி அதிகாரப் பற்றன்று, உடன்படும் பழக்கமே.

வினாவின் சொல் கருத்தையன்றி நினைவையும் தீண்டும் என்பதை 1974இல் எலிசபெத் லொவ்ரஸ், ஜோன் பாமர் ஆகியோர் காட்டினர். மோட்டார் விபத்துப் படங்களைப் பார்த்த மாணவரிடம், வண்டிகள் ஒன்றோடொன்று 'மோதி நொறுங்கியபோது' சென்ற வேகம் யாது என வினவியபோது, சராசரி விடை மணிக்கு 40 மைலுக்கு மேல், 'தொட்டுக்கொண்டபோது' என வினவியபோது 31.8 மைல். மற்றொரு சோதனையில், 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்ட 50 பேருள் 16 பேர், ஒரு வாரத்தின் பின், படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகக் கூறினர். 'இடித்த' என்ற சொல்லைக் கேட்ட 50 பேருள் அவ்வாறு கூறியோர் 7 பேரே. நீதிமன்றச் சாட்சிக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவு அறிந்தபின்னும் தவறு நிகழாமலில்லை. றோப்பர் பெயரால் வழங்கிய நிறுவனமே 1992இல், நாற்சிகள் யூதரை அழித்தமை 'நிகழவேயில்லை என்பது இயலக்கூடியதா, இயலாததா' என அமெரிக்கரை வினவியது. நூற்றுக்கு 22 பேர் 'இயலக்கூடியது' என்றனர். ஐந்திலொருவர் அப்பெருங்கொடுமையை ஐயுறுகின்றனர் என்ற செய்தி பலரைத் துயருறுத்தியது. எதிர்மறைமேல் எதிர்மறை அடுக்கிய அவ்வினா 1994இல் தெளிவாகத் திருத்தப்பட்டபோது, அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு ஒருவரே. வரலாற்றை மறந்தவர் என மக்கள்மேற் சுமத்தப்பட்ட பழி, வினாவின் பிழையாய் முடிந்தது.

ஆகவே, வினாக்கொத்து பயனற்றது என்பது இவற்றின் முடிபன்று. இருவேறு சொல்லமைப்பில் வினவி ஒப்புநோக்குதலும், எதிர்மறை அடுக்கலை ஒழித்தலும், உடன்பாட்டுக் கூற்றையும் மறுப்புக் கூற்றையும் கலந்தமைத்தலும் இவ்வனுபவத்தாற் பிறந்த நெறிகளே. அவற்றோடு, விடையின் எண்ணிக்கையை வெளியிடுவோர் வினாவின் சொற்களையும் முழுமையாக வெளியிடுதல் வேண்டும். அவற்றைக் காணாது எண்ணை மட்டும் ஏற்பவன், அளவுகோலைப் பாராது நீளத்தை நம்புபவனாவான்.