சாக்கையும் சேர்த்து எடை போட்ட கதை



இந்த இதழுக்கு நம் ஏரி எப்படி குளமாகி, குளம் எப்படி குட்டையானது என்று எழுதித் தருவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். போன மாதம் பெங்களூரிலிருந்து என் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினாள். அவள் வாங்கும் ஃபிளாட்டின் பில்டர் எழுதியது. கட்டிடம் முடிந்து அளந்து பார்த்ததில் "சேலபிள் ஏரியா" 61 சதுர அடி கூடியிருக்கிறதாம். சதுர அடி 6,800 ரூபாய் வீதம் 4,14,800 ரூபாயைச் சாவி வாங்குவதற்கு முன் கட்ட வேண்டுமாம். கீழே மகளின் ஒரே வரி: "அப்பா, கட்டிடலாமா?"

படித்ததும் எனக்கு 2004ஆம் வருடம் ஞாபகம் வந்தது. இதே வளாகத்தில் நான் ஃபிளாட் வாங்கிய வருடம். ஒப்பந்தத்தில் 1,085 சதுர அடி. சாவி வாங்கப் போன அன்று 1,128 என்றார்கள். கூடுதல் 43 சதுர அடிக்கு, அன்றைய 1,450 ரூபாய் வீதம், 62,350 ரூபாய் கட்டச் சொன்னார்கள். எங்கே கூடியது என்று கேட்டேன். "காமன் ஏரியா சார், கம்ப்யூட்டர்ல வருது" என்று பதில் வந்தது. வாடகை வீட்டுக்காரருக்குக் காலி செய்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பி.எஃப்.பில் லோன் போட்டுக் கட்டினேன். வங்கிக் கவுண்டரில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். 43 சதுர அடியைத் தேடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து உள்ளே அளந்தேன். 796 சதுர அடி வந்தது. அதாவது நான் காசு கொடுத்த 1,128இல் கால் வைத்து நடக்கக்கூடியது நூற்றுக்கு எழுபது. மீதி முப்பது வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் அறை, தண்ணீர்த் தொட்டி இவற்றில் என் பங்கு என்று சொல்லப்பட்டது.

"சூப்பர் பில்ட்-அப் ஏரியா" என்ற சொல்லுக்கு அப்போது எந்தச் சட்டத்திலும் விளக்கம் கிடையாது. எதைப் பொதுப் பகுதியில் சேர்ப்பது, யாருக்கு எத்தனை பங்கு போடுவது என்பதெல்லாம் விற்பவரின் விருப்பம். கார்பெட் ஏரியாவை எப்படி அளப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3861 என்ற தரக்குறிப்பே வைத்திருந்தது. இன்ஜினியர்களின் அலமாரியில் இருந்த அது விற்பனை ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. மளிகைக் கடைக்காரரின் தராசுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். சாக்கோடு சேர்த்து அரிசியை எடை போட்டால் நாமே சண்டைக்குப் போவோம். வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கும் வீட்டில் மட்டும் சாக்கு எத்தனை கிலோ என்று கேட்க வழியில்லை.

வழி வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மகளுக்குப் பதில் எழுதுவதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் பி.காம்., வக்கீல் இல்லை.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வீடு அதில் சேருமா என்பதே சண்டையாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை என்றால் நுகர்வோர் மன்றம் போகலாம். வீடு அசையாச் சொத்து, அதற்கு சிவில் கோர்ட்தான் என்று வாதாடினார்கள். லக்னோவில் ஒருவர் அங்குள்ள வளர்ச்சி ஆணையத்திடம் ஃபிளாட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டு, வேலை முடியாத வீட்டோடு அல்லாடினார். அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1993 நவம்பர் 5ஆம் தேதி தீர்ப்பானது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அரசு அமைப்பு என்றாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது கோர்ட். அந்த வருடம் ஜூனிலேயே "வீட்டுக் கட்டுமானம்" என்ற சொல்லையும் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். மக்கள் பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுத்துவிட்டு அதிகாரி சும்மா போகக் கூடாது, காரணமானவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. முப்பது வருடம் அரசு வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

கதவு திறந்துவிட்டது. ஆனாலும் நெடுங்காலம் போன வழக்குகளில் பெரும்பாலானவை தாமதம் பற்றியவை. சொன்ன தேதிக்குத் தரவில்லை என்பதை நிரூபிக்க ஒரு காலண்டர் போதும். சொன்ன அளவு இல்லை என்பதை நிரூபிக்க பிளான் வேண்டும், அளவு வேண்டும், கணக்கு வேண்டும். இவை எல்லாம் பில்டரின் பீரோவில் இருந்தன.

அளவு என்பது நம் நாலு சுவருக்குள் மட்டும் மாறுவதில்லை என்பதைக் காட்டியது குர்காவ்ன் பெலேர் குடியிருப்பு வழக்கு. 19 மாடி, 368 வீடு என்று சொல்லி டிஎல்எஃப் விற்றது. பிறகு அது 29 மாடி, 564 வீடு ஆனது. அதே நிலம், அதே வளாகம், கூடுதலாக 196 குடும்பம். ஒவ்வொருவரின் வீடும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நிலத்தில் உள்ள பங்கு சுருங்கிவிடுகிறது. நம் ஊரில் யூடிஎஸ் என்று பத்திரம் பதிகிறோமே, அதுதான். அங்கே உரிமையாளர் சங்கமே இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2011 ஆகஸ்டில் ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளையும் பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்டது. 2014இல் மேல்முறையீட்டு ஆணையமும் அபராதத்தை உறுதி செய்தது. விவகாரம் பிறகு உச்ச நீதிமன்றம் போனது.

2016இல் ரெரா சட்டம் வந்தது, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று அதன் 2ஆவது பிரிவில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், நமக்கே உரிய பால்கனி, திறந்த மாடி சேராது. விற்பவர் இந்த அளவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விளம்பரத்தில் தவறான தகவல் கொடுத்து வாங்க வைத்தால் 12ஆவது பிரிவின்படி நஷ்டஈடு. அனுமதி பெற்ற பிளானைப் பொதுவாக மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு. பெலேர் மாதிரி பத்து மாடி கூட்ட வேண்டுமானால் இப்போது இந்த வாசலைத் தாண்ட வேண்டும். மகாராஷ்டிராவின் மாதிரி ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா 3 சதவீதம் வரைதான் மாறலாம் என்றும், அந்த வரம்புக்குள் குறைந்தாலும் 45 நாளுக்குள் வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் உள்ளது. ஹாங்காங்கிலும் இதே தொந்தரவுதான் போலிருக்கிறது. புது ஃபிளாட் விற்பவர் வீட்டின் சொந்தப் பரப்பை மட்டுமே விலைக்கு அடிப்படையாகக் காட்டலாம் என்று 2013 ஏப்ரல் முதல் அங்கே சட்டம் இருக்கிறது.

என் மகளின் கடிதத்துக்கு அச்சு அசலாகப் பொருந்திய வழக்கு ரெராவுக்கு முன் விற்ற ஒரு வீட்டைப் பற்றியது. குருகிராம் 112ஆவது செக்டாரில் எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் விண்ட்சாண்ட்ஸ் குடியிருப்பு. சாவி கொடுக்கும் நேரத்தில் பரப்பு கூடிவிட்டது என்று கூடுதல் பணம் கேட்டார்கள். வாங்கிய ஒருவர் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். எங்கள் ஆர்க்கிடெக்டின் அறிக்கைப்படி கூடியிருக்கிறது என்றது நிறுவனம். அந்த அறிக்கையை ஆணையத்தில் தாக்கல் செய்யவில்லை.

2020 ஆகஸ்டில் ஆணையம் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். முதலில் பிளான் அனுமதி வாங்கும்போதே ஒவ்வொரு வீட்டின் பரப்பும் பொதுப் பகுதியின் பரப்பும் அதில் இருக்கின்றன. வீடு பெரிதாகாமல், பொதுக் கட்டிடம் பெரிதாகாமல், மனை அளவும் மாறாமல் சூப்பர் ஏரியா மட்டும் எப்படிக் கூடும்? கூடியது என்றால் முதல் பிளானில் இருந்த அளவுகளையும் கடைசியாக அனுமதியான அளவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டு. காட்டவில்லை என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு. வாங்குபவர் பெரும் தொகையை உள்ளே போட்டுவிட்டு வெளியேற முடியாமல் நிற்கும் நேரம் பார்த்துக் கேட்பது நேர்மையற்ற வணிக முறை என்றும் ஆணையம் கண்டித்தது. நான் பி.எஃப். லோன் போட்ட தினத்தை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது.

கொஞ்சம் யோசித்தால் இது பாலன்ஸ் ஷீட் பார்ப்பது மாதிரிதான். ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு, இரண்டுக்கும் நடுவில் என்ன வரவு என்று காட்டும் பற்றுச்சீட்டு. நான் தினமும் செய்த வேலை. 2004இல் கேட்கத் தோன்றாமல் போனது.

நிறுவனம் செய்த மேல்முறையீட்டை 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அதே குடியிருப்பின் மற்றவர்களும் இந்தத் தீர்ப்பைக் காட்டி ஆணையத்துக்குப் போனார்கள், ஆணையமும் அதையே பின்பற்றி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் மறுபடி மேலே போனது. 2023 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கும்படி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. முதல் வழக்கு ஒரு தனி மனிதருடையது. பரப்பு கூடியதா இல்லையா என்பது சாட்சியம் வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்தார் என்பதற்காக உங்கள் வீட்டின் அளவு தானாக நிரூபணம் ஆகிவிடாது.

எனக்கு இது முதலில் கோபத்தைத்தான் தந்தது. ஒரே வளாகம், ஒரே பில்டர், ஒரே கணக்கு. எதற்கு மறுபடி முதலிலிருந்து? பிறகு யோசித்தபோது கோர்ட் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. முதல் வழக்கில் அறிக்கை தாக்கல் ஆகவில்லை, அடுத்த வழக்கில் ஆகலாம். அதைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த மனிதர்களின் வயதையும் வட்டியையும் யார் கணக்கில் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

எல்லோரும் சேர்ந்து போனால் என்ன என்று நம் பொதுக்குழுவில் யாராவது கேட்பார்கள். போகலாம், அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெங்களூரில் பிரிகேட் நிறுவனத்தின் 1,134 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் 51 வீட்டுக்காரர்கள், அனைவர் சார்பிலும் என்று சொல்லித் தாமதத்துக்காக வழக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே குறை என்பதை மனுவில் தெளிவாகக் காட்டவில்லை, ஆகவே அனைவர் சார்பிலான வழக்காக ஏற்க முடியாது, கையெழுத்துப் போட்டவர்களின் கூட்டு மனுவாக நடக்கட்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்து நீதிபதியான வி. ராமசுப்பிரமணியன். ஆகவே சேர்ந்து போகிறவர்கள் டவர் வாரியாக, வீட்டு வகை வாரியாக அளவுகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நுகர்வோர் ஆணையமா ரெராவா என்பது நம் விருப்பம். ஒன்று இருப்பதால் மற்றது மூடப்படவில்லை என்று 2020 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகளின் ஒப்பந்தத்தை வரவழைத்துப் பார்த்தேன். ரெராவில் பதிவான திட்டம். கார்பெட் ஏரியா அன்றும் 812, இன்றும் 812. கூடியதாகச் சொல்வது "சேலபிள் ஏரியா" மட்டும். மாப்பிள்ளைக்குக் கட்டிவிடலாம் என்றுதான் எண்ணம். சண்டை போட்டால் சாவி தள்ளிப் போகும், வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது என்கிறார். அதுவும் பொய் இல்லை. 2004இல் நான் சொன்ன அதே காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அசோசியேஷன் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய் 50 காசு. அது பில்டர் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் போடப்படுகிறது. இல்லாத அந்த 43 சதுர அடிக்கு நான் இன்றும் மாதம் 150 ரூபாய் 50 காசு கட்டி வருகிறேன். பொருளாளர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று தெரியும்.

மகளும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் பேசி, கடைசியில் ஒரு கடிதம் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். நான்தான் எழுதினேன். ஒரே பக்கம். அனுமதி பெற்ற முதல் பிளானில் உள்ள பொதுப் பகுதிகளின் பரப்பு, முடிவுச் சான்றிதழ் வாங்கிய பிளானில் உள்ள பரப்பு, இரண்டையும் அட்டவணையாகத் தரவும். அதைப் பார்த்த பிறகு தொகை பற்றிப் பேசலாம். மின்னஞ்சலிலும் போனது, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் போனது. அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. இதை எழுதும் வரை பதில் வரவில்லை. சாவி கொடுப்பதாகச் சொன்ன தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.