பதிவேட்டில் ஒரு பெயர்: மலாயாத் தமிழர் குடும்ப வரலாறும் ஆலய ஏடுகளும்

செராஸ் சாலையிலுள்ள கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் தம் கொள்ளுப் பாட்டனாரின் கல்லைத் தேடிக் கண்டடைபவர் அங்குப் பெறுவது பெரும்பாலும் ஒரு பெயரும் ஓர் ஆண்டுமே. அவர் எவ்வூரினர், எவர் மகனார் என்பதைக் கல் சொல்வதில்லை. தோட்டத்துச் செக்ரோல் அவரைக் கூலிக் கணக்காக மட்டுமே அறிந்திருந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவன் என்று அவரைக் குறித்து வைத்தது ஆலயப் பதிவேடே. அவ்வேட்டைப் படிக்க முதன்மையாக வேண்டுவது தமிழ்ப் பெயர்களைப் பற்றிய அறிவு என்பதே இவ்வுரையின் கருத்து.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டுமென 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் இவ்வழக்கத்தை நெறிப்படுத்தியது. மதராசிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எனினும் அவை பெரும்பாலும் ஐரோப்பியரையும் யூரேசியரையும் பற்றியவை. தோட்டத் தொழிலாளியின் பெயரைத் தேடுவோர் உள்ளூர்ப் பங்குகளின் ஏடுகளையே நாட வேண்டும்.

கோலாலம்பூரில் அத்தேடல் தொடங்கும் இடங்களுள் ஒன்று, புக்கிட் நானாசில் 1883இல் நிறுவப்பட்ட புனித யோவான் ஆலயம். பின்னர்த் தமிழ்க் கத்தோலிக்கர்க்கெனப் புனித அந்தோணியார் ஆலயமும் எழுந்தது. புதுச்சேரியிலும் கும்பகோணத்திலும் பணியாற்றிய பாரிஸ் மறைபரப்புச் சபையாரே மலாயாவிலும் பணியாற்றினர். அதனால் கடலின் இரு கரைகளிலும் பதிவு முறை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1908ஆம் ஆண்டு ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ ஆணை, திருமணம் நடந்த செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அறிவிக்குமாறு பணித்தது. அங்குள்ள ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் அச்செய்தி எழுதப்பட வேண்டும். ஆகவே, கோலாலம்பூரில் மணந்த ஒருவரின் தடம் காவிரிக்கரைப் பங்கொன்றின் ஏட்டோரத்திலும் இருத்தல் கூடும். ஒரு கரையில் அறுந்த இழையை மறு கரையிலிருந்து பற்றிக்கொள்ள இவ்வோரக்குறிப்பு உதவுகிறது.

ஆனால், எந்தப் பெயரால் தேடுவது? குருவானவர் லத்தீனில் ‘ஸ்தேபானுஸ்’ என்று எழுதினார். வீட்டார் முடியப்பன் என்று அழைத்தனர். அடையாள அட்டை ஸ்டீபன் என்கிறது. மூவரும் ஒருவரே. கிரேக்கத்தில் ‘ஸ்தேபானோஸ்’ என்றால் முடி. அதனைத் தமிழாக்கியே முடியப்பர் என்றனர். லத்தீனில் ‘பவுலுஸ்’ என்றால் சிறியவர். ஆதலின் அவர் சின்னப்பர் ஆனார். அலோசியுஸ் ஞானப்பிரகாசம் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். எழுத்து முறையும் இடர் தரும். முத்து என்பதன் உகரத்தைப் பிரெஞ்சுக் குருமார் இரண்டு உயிரெழுத்துகளால் எழுதினர். ஆங்கில எழுத்தர் ஒன்றால் எழுதினர். சவேரிமுத்து என்ற ஒருவர் ஏட்டில் இருவராகத் தோன்றுவது இதனால்தான்.

பெயரின் வடிவம் பிறிதொன்றையும் உணர்த்தும். முற்காலத்தில் அருளப்பன், இராயப்பன் என்பவை கத்தோலிக்கர் வழக்கு. யோவான், பேதுரு என்பவை சீர்திருத்தத் திருச்சபையார் வழக்கு. குடும்பத்தில் பழைய பெயர் பேதுரு என்றிருப்பின், பிரிக்பீல்ட்சிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தையோ லுத்தரன் சீயோன் ஆலயத்தையோ முதலில் நாடுவது பொருந்தும். லுத்தரன் மரபினரின் வேர், சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடி வரை செல்லக்கூடும். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் விட்டுவிடலாகாது. அவர்கள் பெரும்பாலும் உறவினராகவோ ஒரே ஊரினராகவோ இருப்பர்.

ஏட்டின் மௌனமும் ஒரு செய்தியே. ஞானஸ்நானமும் திருமணமும் இருக்க, அடக்கப் பதிவு மட்டும் காணப்படாத ஆண்கள் சிலர் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். அவர்தம் சாவை எந்தப் பங்கு ஏடும் எழுதவில்லை.

மலாயாத் தமிழருள் பெரும்பான்மையோர்க்கு இத்தகைய ஏடும் இல்லை. முதியோர் நினைவு ஒன்றே ஆவணம். ஏடு உள்ளவர்க்கும் அதன் திறவுகோல் அந்நினைவிலேயே இருக்கிறது. ஸ்டீபன் வீட்டில் முடியப்பன் என்றழைக்கப்பட்டார் என்பதைச் சொல்லப் பாட்டி ஒருவர் இருக்கும் வரையில் ஏடு பேசும். அவர் மறைந்தபின் அது பெயர்களின் பட்டியலாகவே நிற்கும். ஆதலால் ஆலய அலுவலகத்திற்குச் செல்லுமுன் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். முதியோர் வாயிலிருந்து வீட்டுப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். ஆய்வின் முதல் ஏடு அதுவே.