2021 இரண்டாம் அலை: மதுரை அரசு மருத்துவமனை திணறியதா?

கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் திணறினவா என்று கேட்டால், அரசுகள் படுக்கைக் கணக்கை எடுத்து வைக்கும். நாம் இறப்புப் பதிவேட்டைப் பார்க்கிறோம்.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மாநிலம் கண்ட உச்சம் அதுவே. அதே நாளில்தான் மதுரை தோப்பூரில் ஆக்சிஜன் வசதி கொண்ட 500 படுக்கைகளை முதலமைச்சர் திறந்து வைத்தார். (2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனைக்கான இடமும் தோப்பூரில்தான்.) வைகையின் தென்கரையில் உள்ள கோச்சடையானாலும் தொலைவிலுள்ள சேரியானாலும், தனியார் மருத்துவமனை கேட்கும் முன்பணத்தைக் கட்ட இயலாதவர்கள் நம்பியிருந்தது வடகரையிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையை.

அம்மருத்துவமனை உட்பட ஆறு அரசு மருத்துவமனைகளின் இறப்புச் சான்றிதழ்களை அறப்போர் இயக்கம் ஒப்பிட்டது. 2019 ஏப்ரல், மே மாதங்களில் 4,437 சான்றிதழ்கள். 2021இல் அதே மாதங்களில் 11,699. கூடுதல் 7,262. அரசு அறிவித்த கொரோனா இறப்புகளோ 863. கூடுதல் இறப்பு யாவும் கொரோனாவால் நேர்ந்தவை என்று கொள்ள முடியாது. எனினும், வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான இறப்புகளைப் பதிந்த மருத்துவமனைகள் திணறவில்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த வேறுபாடு ஏழைக் குடும்பங்களுக்குப் பணக் கணக்கும் ஆகும். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4 அன்று ஏற்ற ₹50,000 கருணைத் தொகைக்குத் தொற்று உறுதியானதற்கான சான்று அடிப்படை. சான்றிதழில் கொரோனா என்று இல்லாததை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. பரிசோதனையே கிடைக்காமல் வீட்டில் இறந்தவரின் குடும்பம் எதைக் காட்டும்? பழைய இறப்புகளுக்கு விண்ணப்பிக்க 2022 மார்ச்சில் அதே நீதிமன்றம் 60 நாள் கெடு விதித்தது.

இவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? இறப்பு அறிக்கைப் படிவத்தில் மதம் உண்டு, தொழில் உண்டு, சாதி இல்லை. ஆகவே நேரடி எண் எவரிடமும் கிடைக்காது. ஆனால் தொழில் குறிக்கப்படுவதால், அவ்விரு மாதங்களில் இறந்த தூய்மைப் பணியாளர்கள், மயானப் பணியாளர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க முடியும். 2019இன் அதே மாதங்களுக்கான எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும்.