அன்னபூரணியின் உட்பக்கம்

அன்னபூரணியின் மாதிரியை நான் இரண்டு தடவை செய்தேன். முதலாவது குப்பைக்குப் போய்விட்டது.

அன்னபூரணி எங்கள் வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய, ஏறக்குறைய 90 அடி நீளமான, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட கப்பல் 1938 ஓகஸ்டில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

48இல் ஒரு பங்கு அளவில் அது 22 அங்குலம்தான். முதல் தடவை பாய்மரங்களை நாட்டி, கயிறுகளையும் கட்டி முடித்த பிறகே வண்ணத்தைக் கையில் எடுத்தேன். தளத்தைச் சுற்றிய பக்கச்சுவரின் உட்புறத்துக்குத் தூரிகை போகவில்லை. எயர்பிரஷால் அடித்தேன். மூலைக்குள் போன காற்று வண்ணத்தையும் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. அழுத்தத்தைக் கூட்டினேன். ஓரிடத்தில் வண்ணம் தேங்கி வழிந்தது; அதற்குப் பக்கத்திலேயே வெறும் மரம் தெரிந்தது.

இரண்டாம் தடவை வேலையின் வரிசையை மாற்றினேன். பாய்மரம் நாட்டுமுன் உட்புறத்துக்கு அடிப்பூச்சு. பசை பிடிக்க வேண்டிய இடங்களை மட்டும் நாடாவால் மறைத்தேன். மூலைகளுக்கு முதலில் சிறு தூரிகையால் நீர்த்த வண்ணம். பிறகு குறைந்த காற்றழுத்தத்தில், விட்டுவிட்டு, மெல்லிய பூச்சுகள். ஒவ்வொன்றும் காய்ந்த பின் பல்வைத்தியரின் கண்ணாடி போன்ற ஒன்றை உள்ளே விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே சீராக இருந்தது.

மரக்கப்பலில் உக்கல் பெரும்பாலும் காற்றுப்படாத மூலையில்தான் தொடங்கும். மேத்திரிமாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அதே நாட்களில் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தேன். ரொபின்சன், புதுப்பெயர், குளொஸ்ரர் வருகை எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டு, கட்டியவர்களையும் ஓட்டியவர்களையும் இடைவெளிகளில் செருகப் பார்த்தேன். ஒரு பந்தியில் புகழ் தேங்கி நின்றது. அடுத்ததில் ஆட்களே இல்லை. இன்று கனடாவில் வளரும் எங்கள் பிள்ளைகள் அதை வாசித்தால், ஒரு அமெரிக்கர் வாங்கிய கப்பல் என்றுதான் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்தக் கட்டுரையையும் பிரித்துப் போட்டேன். இப்போது அது வல்வெட்டித்துறைக் கடற்கரையில், பலகை இழைக்கும் மேத்திரிமாரோடு தொடங்குகிறது. ரொபின்சன் மூன்றாம் பக்கத்தில் வருகிறார்.