புகையில்லாப் புகையிரதம்

ஒன்பதாம் வகுப்பிலே சென்னை நகரத்துச் சிறுகதையொன்றை மாணவருடன் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். கதையில் வரும் எழுதுவினைஞன் மாம்பலத்தில் மின்சார வண்டி ஏறி வேலைக்குப் போகிறான். படுவான்கரையிலிருந்து நாள்தோறும் வாவியைக் கடந்து வரும் மாணவனொருவன் எழுந்தான். “சேர், எஞ்சின் இல்லாமக் கோச்சி எப்பிடி ஓடும்?” என்று கேட்டான். இயன்றவரை விளக்கினோம். அடுத்த வினா உடனே வந்தது: “அப்ப எங்கட நாட்டில ஏன் அது இல்லை?” பாடசாலை மணி அடித்து நம்மைக் காப்பாற்றிற்று. ஏனெனில் அவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை கிடையாது.

நாம் அவ்வண்டியைப் பாராமலே அறிந்தவர்கள். சென்னையிலிருந்து கப்பலேறி வந்த வார இதழ்களும் தொடர்கதைகளும் தாம்பரத்தையும் சைதாப்பேட்டையையும் எழுவான்கரை வீடுகளுக்கு அறிமுகஞ் செய்துவைத்தன. ஆயின் நம் மொழியிலே அதற்கு நாம் இட்ட பெயரைப் பாருங்கள்: மின்சாரப் புகையிரதம்! புகையில்லாத ஒன்றைப் புகையிரதம் என்கிறோம். இலங்கைத் தமிழில் இரதம் என்றாலே புகையோடு கூடியதுதான் என்று சொல் முடிவு செய்துவிட்டது போலும்.

மின்சாரத்தால் வண்டியை இழுக்கலாம் என்பதை 1879 இல் பெர்லின் பொருட்காட்சியில் வேர்னர் வொன் சீமென்ஸ் காட்டினார். அது சிறியதொரு காட்சி வண்டியே. நகரமக்கள் அன்றாடம் ஏறும் வண்டியாக அதை ஆக்கிய அறிவு 1897 இல் சிக்காகோவில் பிராங் ஸ்பிரேக் கண்ட முறையிலேதான் இருக்கிறது. ஒரே எஞ்சின் எல்லாப் பெட்டிகளையும் இழுக்கும் பழைய ஏற்பாட்டை அவர் விட்டார். பெட்டிகள் பலவற்றின் அடியில் மோட்டார்களைப் பொருத்தி, அவை அனைத்தையும் முன்னால் நிற்கும் ஒருவரே ஆளுமாறு செய்தார். இதனால் வண்டி சட்டென்று வேகங்கொள்ளும். அடுத்த நிலையத்தில் நின்று மீண்டும் சட்டென்று புறப்படும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றித் திருப்பிப் பூட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோனால் வண்டி திரும்பிவிட்டது! ஒரு மைலுக்கொரு நிலையமுள்ள நகரப் பாதைக்கு இதனினும் ஏற்றதொன்று அன்று இல்லை.

இந்தியாவிலே முதலாவது மின்சார வண்டி 1925 பெப்ரவரி 3 இல் பம்பாயில் விக்டோரியா டேர்மினசிலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. சென்னையில் 1931 ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. மே 11 முதல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்கள் ஏறலாயினர். இரண்டிடத்தும் 1500 வோல்ற்று நேரோட்ட மின்சாரமே. சென்னைப் பாதையோ ஒரு மீற்றர் அகலமுள்ள சிறுபாதை. அதை நடத்தியது தென்னிந்திய ரயில்வே என்னும் பிரிட்டிஷ் கம்பனி. அக்கம்பனிக்குச் சென்னைக் குமாஸ்தாக்கள்மேல் கருணை பிறந்துவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம். நகரம் தெற்கே வளர்ந்துகொண்டிருந்தது. மாம்பலத்துப் புதிய மனைகளில் குடியேறியவன் பத்து மணிக்குக் காரியாலய நாற்காலியில் இருந்தாகவேண்டும். உழைப்பவனின் நேரம் முதலாளிக்குத் தேவைப்பட்டது; அதனால் வண்டி வந்தது. வந்த வண்டியை மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அச்சிறுபாதை வண்டிகள் 2004 ஜூலை வரை ஓடின. இன்று அங்கே ஓடுவன அகலப்பாதை வண்டிகள்.

இலங்கைக்கு வருவோம். இங்கே மின்சாரத்தால் வண்டி ஓட்டத் தெரியாமலா இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிலேயே கொழும்புத் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கிவிட்டது. பூஸ்டெட் சகோதரர் என்னும் வெள்ளையர் கம்பனி அதை நடத்திற்று. 1929 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் அந்த ட்ராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தை இந்நாட்டுத் தொழிலாளர் வரலாறு மறவாது. ட்ராம் 1960 இல் மறைந்தது. அதற்குத் துணையாக 1953 இல் வந்த மின்கம்பி பஸ்சும் 1964 இல் நின்றுபோயிற்று.

தண்டவாளத்தையும் குறை சொல்ல முடியாது. பம்பாயில் மின்சார வண்டி ஓடிய அதே ஐந்தடி ஆறங்குல அகலமே நம் நாட்டுப் பெரும்பாதைக்கும். மின்சாரத்துக்கு வழிகாட்டவும் ஒருவர் இருந்தார். டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரை வைத்தார். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், புகையிரதத்தையும் அதனால் ஓட்டலாம் என்பது அவர் கருத்து. பம்பாய் வண்டிக்கு ஏழாண்டு முந்திய பேச்சு அது! 1920களில் லக்சபானாவில் தொடங்கிய வேலை நடுவிலே கைவிடப்பட்டது. அங்கே மின்சாரம் பிறந்தது 1950 இல். விமலசுரேந்திர 1953 இல் காலமானார்.

ஏன் இந்தத் தாமதம்? பணமில்லை என்பது அரசாங்கம் சொல்லும் விடை. நம் விடை வேறு. இந்நாட்டுப் புகையிரதம் மனிதருக்காகப் பிறந்ததன்று. 1858 இல் மண்வெட்டத் தொடங்கி 1867 இல் கண்டியை அடைந்த பாதை கோப்பிக்காக வெட்டப்பட்டது. பின்னர் தேயிலையைச் சுமந்தது. தேயிலைப்பெட்டி பத்து மணிக்குக் காரியாலயத்தில் இருக்கவேண்டியதில்லை. நிலக்கரிப் புகையைப் பற்றி அது முறையிடுவதுமில்லை. தோட்டத்துரைமாரின் சரக்கு துறைமுகஞ் சேர்ந்தாற் போதும் என்றிருந்த ஆட்சிக்கு, மருதானையில் தொங்கிக்கொண்டு வருபவன் ஒரு கணக்காகவே தோன்றவில்லை. மின்சாரம் பிறந்த மலையிலே என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. லக்சபானாவின் கம்பிகள் தோட்டத்து லயன்களின் மேலாகக் கொழும்புக்குப் போயின. லயன்களிலோ பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அம்மக்களின் பிரஜாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்பே பறித்துவிட்டிருந்தது.

இடையிலே ஒரு விசித்திரம். 1938 இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பனி செய்த மூன்று வண்டித்தொடர்கள் கொழும்புக்கு வந்தன. ‘சில்வர் ஃபோம்’, ‘சில்வர் ஸ்ப்ரே’, ‘சில்வர் மிஸ்ற்’ என்று கடல்நுரையையும் திவலையையும் பனியையும் பெயராகச் சூடியவை. அவற்றிலே டீசல் எஞ்சின் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். அம்மின்சாரம் சக்கரங்களைச் சுழற்றும். அதாவது மின்சார நிலையத்தைத் தன் வயிற்றிலேயே சுமந்து ஓடும் வண்டி. 1955 இல் இலங்கையரான பி. டி. ரம்பாலா புகையிரதப் பகுதியின் பொதுமுகாமையாளரானார். நீராவி எஞ்சின்களை ஓய்வுக்கு அனுப்பி டீசலை நிலைநாட்டியதில் அவர் பங்கு பெரிது. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா தந்த எஞ்சின்களிற் சில இன்னும் ஓடுகின்றன. அவரைக் குறைகூற நாம் துணியோம். கையிலிருந்த பொருளைக்கொண்டு செய்யக்கூடியதை அவர் செய்தார். ஆனால் எண்ணெய் நம் மண்ணில் ஊறுவதன்று.

அதன் பொருள் 2022 இல் எல்லோருக்கும் புரிந்தது. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பஸ்கள் முடங்கின, கொழும்பிலே மக்கள் புகையிரதப் படிகளில் ஈக்களாய் மொய்த்தார்கள். வெள்ளவத்தையில் வாடகை அறையெடுத்து உத்தியோகம் பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். பாணந்துறைக்கும் வேயங்கொடைக்கும் இடையே மின்சார வண்டி என்ற திட்டம் அதற்கு முன்பே பலமுறை மேசைக்கு வந்துபோயிருந்தது. யப்பான் கடனுதவியோடு 2019 இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கொழும்பு இலகுரயில் 2020 இல் கைவிடப்பட்டது. இன்றுவரை இலங்கைத் தண்டவாளத்தின்மேல் மின்கம்பி ஏறவில்லை.

மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928 இல் வந்தது. மாஹோவில் பிரிந்து பொலநறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வந்து, வாவிக்கு அருகே பாதை நின்றுவிட்டது. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக வண்டியின்றிக் கிடந்த நிலையம், 2002 ஆம் ஆண்டு யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே மீண்டும் கூவலைக் கேட்டது. தெற்கே கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் தண்டவாளம் நீட்டும் பேச்சு உண்டு, பேச்சாகவே இருக்கிறது. வாவிக்கு அப்பாலுள்ள உழவனுக்குப் ‘பாதை’ என்றால் இரும்பு அன்று, மனிதரையும் மாட்டையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையே. மண்முனையில் அது பாலமானது 2014 இல்.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் அம்மாணவனுக்குச் சொன்னோம். ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி இன்னுஞ் சொல்லும்படி கேட்டான். மின்சார வண்டியை விட அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது. மிகுதியை அடுத்த பாடவேளைக்கு வைத்திருக்கிறோம்.